தீவில் வாழ்ந்த கவிஞர் இராபர்ட் கிரேவ்ஸ்

கடல் சூழ்ந்த தீவில் ஒரு சிறு வீடு, முற்றத்தில் எலுமிச்சை மரம், ஆண்டின் பெரும்பகுதி வெயில், அலைச்சலற்ற நாட்கள். முதுமையில் இத்தகைய ஓரிடத்தில் அமர வேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டு. பனியிலும் மழையிலும் வாழ்ந்த வட ஐரோப்பியருக்கு மத்தியதரைக் கடல் தீவுகள் நெடுங்காலமாக இந்த ஆசையின் உருவமாகவே இருந்துள்ளன. அத்தகைய தீவு ஒன்றில் குடியேறிய எழுத்தாளர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் கிரேவ்ஸ். ஸ்பெயின் நாட்டுக்குரிய மல்லோர்காத் தீவில், தேயா என்னும் மலையூரில், இருமுறையாக ஏறத்தாழ 46 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார்.

ஆனால் அவர் அங்கே ஓய்வெடுக்கச் செல்லவில்லை. 1929இல் தீவில் கால் வைத்தபோது அவருக்கு வயது 34. கையில் ஒரு நூலின் வருவாயும், மனத்தில் ஒரு போரின் வடுவும், பின்னால் சிதைந்த ஒரு குடும்பமும் இருந்தன. தீவு அவருக்கு ஓய்வைத் தரவில்லை. உழைக்க ஓர் இடத்தைத் தந்தது. அதற்கு அவர் விலை கொடுத்தார். அவ்விலையில் ஒரு பங்கைப் பிறரும் செலுத்த நேர்ந்தது.

இளமையும் போரும்

இலண்டனை அடுத்த விம்பிள்டனில் 1895ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் கிரேவ்ஸ் பிறந்தார். தந்தை ஆல்ஃப்ரெட் பெர்சிவல் கிரேவ்ஸ் அயர்லாந்துக்காரர், பள்ளிகளின் ஆய்வாளர், கவிஞராகவும் பெயர் பெற்றவர். தாய் அமலி செர்மானிய நாட்டவர். புகழ்மிக்க வரலாற்றறிஞர் ராங்கேயின் குடும்பத்தைச் சேர்ந்தவர். கவிதை தந்தை வழியாகவும் வரலாற்று ஆர்வம் தாய் வழியாகவும் வந்தன என்பர். செர்மானியப் பெயரையும் சேர்த்துச் சுமந்ததால் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் அவர் பட்ட துன்பங்கள் பல. குத்துச்சண்டை கற்றுத் தம்மைக் காத்துக்கொண்டார். பின்னாளில் எவரெஸ்ட் முயற்சியில் மறைந்த மலையேறி ஜார்ஜ் மல்லோரி அப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். இளைஞர் கிரேவ்ஸுக்கு இலக்கியத்தையும் மலையையும் அறிமுகம் செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

1914இல் போர் மூண்டது. பத்தொன்பது வயது கிரேவ்ஸ் ராயல் வெல்ஷ் பியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிரான்சின் பதுங்குகுழிகளில் அவருடைய இளமை கழிந்தது. சீக்பிரீட் சசூன் என்னும் கவிஞர் அங்கே அவருக்கு நண்பரானார். 1916 ஜூலை 20 அன்று சோம் போர்க்களத்தில் வெடித்த எறிகுண்டின் துண்டொன்று அவருடைய நுரையீரலைத் துளைத்துச் சென்றது. பிழைக்க மாட்டார் எனக் கருதி மருத்துவக் கூடாரத்தின் ஓரத்தில் கிடத்தினர். படைத்தலைவர் தாயாருக்கு இரங்கல் மடல் எழுதினார். இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் இறந்தோர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆனால் மறுநாள் காலை அவர் மூச்சு விடுவதைக் கண்டனர். தம் மரணச் செய்தியைத் தாமே மறுத்து இதழில் அறிவிப்பு வெளியிட வேண்டிய நிலை இருபத்தொரு வயதில் அவருக்கு வாய்த்தது.

உடல் தேறியது, மனம் தேறவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும் தொலைபேசியைத் தொட அஞ்சினார். தொடர்வண்டிப் பயணம் அவருக்கு நோயைத் தந்தது. புதிய முகங்கள் சில சேர்ந்தாற்போல் எதிர்ப்பட்டாலே இரவில் உறக்கம் போயிற்று. 1918இல் ஓவியர் நான்சி நிக்கல்சனை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தன. ஆக்ஸ்போர்டு அருகே ஒரு சிறு கடை நடத்திப் பார்த்தனர், அதுவும் நொடித்தது. நண்பர் டி. ஈ. லாரன்ஸ் போன்றோரின் உதவியால் குடும்பம் நடந்தது. 1926இல் கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதையும் ஓராண்டு முடியுமுன்னே விட்டுவிட்டுத் திரும்பினார்.

விடைபெறல்

அந்த 1926ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பெண் கவிஞர் லாரா ரைடிங் இங்கிலாந்துக்கு வந்து குடும்பத்தோடு இணைந்திருந்தார். கூர்த்த அறிவும் தளராத கொள்கையும் உடையவர். கவிதை என்பது உண்மையன்றி வேறில்லை என வாதிட்டவர். கிரேவ்ஸ் அவரை ஆசானாகவே ஏற்றார். இருவரும் சேர்ந்து 1927இல் வெளியிட்ட புதுக்கவிதை பற்றிய ஆய்வு நூல், கவிதையைச் சொல் சொல்லாக நின்று படிக்கும் முறைக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்று. ஆனால் ஒரே கூரையின் கீழ் அமைந்த இந்த உறவு நெடுநாள் நிலைக்கவில்லை. 1929 ஏப்ரலில், ஒரு கடும் பூசலின் முடிவில், ரைடிங் இலண்டன் வீட்டின் உயர்மாடிச் சாளரத்திலிருந்து குதித்தார். கிரேவ்ஸும் கீழ்மாடியொன்றிலிருந்து குதித்தார். கிரேவ்ஸ் பெருங்காயமின்றித் தப்பினார். ரைடிங் முதுகெலும்பு முறிந்து மருத்துவமனையில் பல வாரங்கள் கிடந்தார். குடும்பம் உடைந்தது.

அந்த மருத்துவமனை நாட்களில், சில மாதங்களுக்குள், கிரேவ்ஸ் தம் வரலாற்றை எழுதி முடித்தார். அனைத்திற்கும் விடை கொடுப்பதாக அதற்குத் தலைப்பிட்டார். பதுங்குகுழி வாழ்க்கையை ஒப்பனையின்றிக் காட்டிய அந்நூல் 1929 நவம்பரில் வெளிவந்து பெருமளவில் விற்றது. அதே நூல் உறவுகள் பலவற்றை முறித்தது. சசூன் சினந்து, ஒரு பகுதியை நீக்கச் செய்தார். முதிய தந்தை தம் மறுமொழியாகத் தாமும் ஒரு தன்வரலாறு எழுதி வெளியிட்டார்.

நூல் வெளிவருமுன்னரே கிரேவ்ஸ் ரைடிங்குடன் நாட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தார். பாரிசில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் மல்லோர்காவைப் பரிந்துரைத்தார். வாழ்க்கைச் செலவு குறைவு, வெயில் உண்டு, தொல்லை இல்லை. இலண்டனில் தாயோடு நின்ற குழந்தைகளுள் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. கடைசி மகனுக்கு ஐந்து வயது. கவிஞரின் விடுதலை என இலக்கிய வரலாறு போற்றும் அந்தப் பயணம், அந்நால்வருக்குத் தந்தை இல்லாத இல்லமாயிற்று. இதை மறைத்துவிட்டு அவருடைய தீவு வாழ்க்கையைப் பாடுவது முறையன்று.

தேயாவில் ஒரு வீடு

மல்லோர்காவின் வடமேற்குக் கரையோரம் நீளும் மலைத்தொடர் திராமுந்தானா. அதில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த தேய்ஷ் மலையின் அடியில், கடலைப் பார்த்தபடி அமைந்த சிற்றூர் தேயா. சரிவெங்கும் சாந்து பூசாத கல்லடுக்குச் சுவர்களால் படிப்படியாகக் கட்டிய கழனிகள். அவற்றில் நூற்றாண்டு கண்ட ஒலிவ மரங்கள். தாழ்வில் ஆரஞ்சும் எலுமிச்சையும். ஊரின் உச்சியில் மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும். மக்கள் பேசியது கத்தலான் மொழியின் தீவு வழக்கு. அயலவருக்கு இவ்வட்டாரம் முற்றும் புதிதன்று. அருகிலுள்ள வால்தெமோசாவில் 1838-39 குளிர்காலத்தை இசைமேதை சொப்பேனும் எழுத்தாளர் ஜார்ஜ் சான்டும் கழித்திருந்தனர். வெயில் தேடி வந்த அவர்களை மழையும் நோயும் ஊராரின் ஐயமுமே எதிர்கொண்டன. அந்த அனுபவத்தைச் சான்டு எழுதிய நூலைப் பின்னாளில் கிரேவ்ஸே ஆங்கிலத்தில் பெயர்த்து, தீவு மக்களின் சார்பில் நின்று குறிப்புகளும் சேர்த்தார்.

முதலில் வாடகை வீடு. பின்னர் 1932இல், சோயர் நகருக்குச் செல்லும் சாலையில், ஊருக்குச் சற்று வெளியே, சாம்பல் நிறக் கல்லால் கட்டிய சொந்த வீடு. ‘கானல்யுன்’ என அதற்குப் பெயர். தொலைவிலுள்ள வீடு என்பது பொருள். இலண்டனில் தொடங்கிய சீசின் அச்சகத்தைக் கைப்பொறியோடு இங்குக் கொண்டுவந்து நூல்களை அச்சிட்டனர். நண்பர்களும் இளம் எழுத்தாளர்களும் வந்து தங்கி, வாதிட்டு, பூசலிட்டுப் பிரிந்தனர். பின்னாளில் அறிவியல் அறிஞராகப் புகழ்பெற்ற ஜேக்கப் பிரோனோவ்ஸ்கியும் அவர்களுள் ஒருவர்.

நிலம் வாங்கியதிலும், கடற்கரைக்குச் சாலை அமைக்கும் ஒரு திட்டத்திலும் கடன் ஏறியது. கடனை அடைக்க ஒரே வழி நன்றாக விற்கக்கூடிய நூலை எழுதுவது. உரோமப் பேரரசன் கிளாடியஸ், திக்குவாயும் நொண்டிக்காலும் கொண்டு, அறிவிலி எனக் கருதப்பட்டதாலேயே கொலைகளுக்குத் தப்பி அரியணை ஏறியவன். அவனே தன் கதையைச் சொல்வதாக அமைந்த ‘நான், கிளாடியஸ்’ என்னும் புதினமும் அதன் தொடர்ச்சியும் 1934இல் வெளிவந்தன. பரிசுகள் குவிந்தன, கடன் தீர்ந்தது. 1937இல் அதைத் திரைப்படமாக்கும் முயற்சி பாதியில் நின்றது. 1976இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது புதிய தலைமுறை அவர் பெயரை அறிந்தது. ஆயினும் கிரேவ்ஸ் தம்மைக் கவிஞராகவே கருதினார். உரைநடை உழுதது, கவிதை உண்டது. தீவு வாழ்க்கையின் பொருளாதாரம் அவ்வளவே.

வெளியேற்றமும் மீட்சியும்

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. மல்லோர்கா தொடக்கத்திலேயே பிராங்கோ தரப்பினரின் கைக்குச் சென்றது. ஆகஸ்டு தொடக்கத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்திருப்பதாகவும், அயலவர் வெளியேற அதுவே கடைசி வாய்ப்பு என்றும் செய்தி வந்தது. சில மணி நேரமே இருந்தது. கைப்பெட்டி ஒன்றில் அடங்கியதை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிப் புறப்பட்டனர். ஒரு போரிலிருந்து தப்பித் தீவுக்கு வந்தவரை இன்னொரு போர் தீவிலிருந்து துரத்தியது.

இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரான்சு எனச் சுற்றி 1939இல் அமெரிக்கா சென்றனர். அங்கே ரைடிங் வேறொருவரைத் தம் துணைவராக ஏற்றார். சில காலத்தில் கவிதை எழுதுவதையே கைவிட்டார். கிரேவ்ஸ் இங்கிலாந்து திரும்பினார். பெரில் என்னும் பெண்மணி அவருக்குத் துணையானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தை டெவன் மாவட்டத்தின் கால்ம்ப்டன் என்னும் சிற்றூரில் கழித்தனர். 1943இல் பர்மாவின் அரக்கான் போர்முனையில் மூத்த மகன் டேவிட் மாண்டான். தந்தை போரிட்ட அதே படைப்பிரிவைச் சேர்ந்தவன். தம் மரணச் செய்தி பொய்யாகப் பெற்ற ஒருவருக்கு மகனின் மரணச் செய்தி மெய்யாக வந்தது.

1946 மே மாதம், சிறு வானூர்தி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பெரிலோடும் மூன்று குழந்தைகளோடும் கிரேவ்ஸ் தீவுக்குத் திரும்பினார். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பூட்டிக் கிடந்த வீடு அவர் விட்டுச் சென்றபடியே இருந்தது. நூல்களும் துணிகளும் பாத்திரங்களும் அவரவர் இடத்தில். போரும் பஞ்சமும் கடந்த அந்த ஆண்டுகளில் ஊரார் அயலவரின் வீட்டைக் காத்திருந்தனர். தீவு அவருக்கு அளித்த கொடைகளுள் இதுவே பெரிது எனலாம். குடியேறியவர் என்ற நிலை மாறி ஊர்க்காரர் ஆனது அன்றுதான்.

தீவின் அன்றாடம்

இரண்டாம் தீவு வாழ்க்கை 39 ஆண்டுகள் நீண்டது. காலையில் எழுதுவார், மையில் தோய்த்தெழுதும் பேனாவே அவருடைய கருவி. ஒரே கவிதை பல படிகளாக அடித்தெழுதப்படும். உரைநடைக்கு உறுதுணையாக இருந்தவர், 1930களில் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி வந்து செயலாளராக அமர்ந்த செர்மானிய யூதர் கார்ல் கே. எழுதாத பொழுதில் தோட்டம், எருக்குழி, ஒலிவக்காய் ஊறவைத்தல், ஆரஞ்சுப் பழப்பாகு காய்ச்சுதல். பிற்பகலில் மலைப்பாதை வழியே கடற்கூம்பலுக்கு இறங்கி நீந்திவிட்டு, மறுபடி செங்குத்தாக ஏறி வருவார். நுரையீரலில் குண்டு பாய்ந்தவர் இதைப் பல ஆண்டுகள் செய்தார் என்பது நினைக்கத் தக்கது. ஜூலை 24 பிறந்தநாளில் வீட்டுக்குக் கீழே அமைத்த சிறு திறந்தவெளி அரங்கில் நாடகம் நடக்கும். ஊராரும் விருந்தினரும் கூடுவர்.

இந்தக் காலத்தில்தான் அவருடைய பெருநூல்கள் வெளிவந்தன. மெய்க்கவிதை அனைத்தும் பழங்காலத் தாய்த்தெய்வம் ஒருத்தியின் வழிபாடே என வாதிட்ட ‘வெண்தேவி’ 1948இல் வெளிவந்தது. வரலாற்று அறிஞர்களும் தொல்லியலாரும் அதன் சான்றுகளை ஏற்கவில்லை. கவிஞர்கள் பலரோ அதைத் தம் மறைநூலாகக் கொண்டனர். நிலவைப் போல வளர்ந்தும் தேய்ந்தும், காதலும் அழிவும் ஒருங்கே தரும் அத்தெய்வத்துக்குக் கவிஞன் அடிமை. அரசுக்கோ சந்தைக்கோ அல்லன். 1955இல் இரு பாகங்களாக வந்த ‘கிரேக்கப் புராணங்கள்’ இன்றும் படிக்கப்படுகிறது. வாழ்நாளில் அவர் எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றைக் கண்டவர் யாரும் தேயாவை ஓய்வில்லம் என்று சொல்லத் துணியார்.

இளம் படைப்பாளருக்கு அவ்வீடு ஒரு பள்ளியாகவும் விளங்கியது. அமெரிக்கக் கவிஞர் டபிள்யூ. எஸ். மெர்வின் 1950இல் கிரேவ்ஸின் மகனுக்கு ஆசிரியராக வந்தார். காசநோய் கண்டு ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஆலன் சில்லிட்டோ, அதே தீவில் தங்கிக் கற்பனைக் கதைகள் எழுதிக் கொண்டிருந்தார். தாம் நன்கறிந்த நாட்டிங்காம் நகரைப் பற்றி எழுதும்படி அவருக்கு அறிவுரை சொன்னவர் கிரேவ்ஸ். தொழிலாளர் வாழ்வைக் காட்டி 1958இல் புகழ்பெற்ற சில்லிட்டோவின் முதல் புதினம் அந்த நகரைப் பற்றியது. தொலைதூரத் தீவில் வாழ்ந்தவர், இளையவரைத் தம் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினார். இதில் முரண் இல்லை. கிரேவ்ஸும் தீவில் இருந்தபடி தீவை மிகுதியாகப் பாடவில்லை. காதலையும் அச்சத்தையும் இழப்பையும் தம் தாய்மொழியில், மரபு வடிவங்களில் பாடினார். நாடு மாறியது, மொழி மாறவில்லை.

ஒளியும் நிழலும்

குறைகளும் உண்டு. 1950இல் பெரிலை முறைப்படி மணந்தார், குழந்தைகள் நால்வராயினர். ஆயினும் கவிதைக்குத் தூண்டுகோல் எனச் சொல்லி இளம்பெண்கள் சிலரை அடுத்தடுத்துத் தம் தேவியின் வடிவாகக் கொண்டாடினார். அந்தக் கொள்கையின் சுமையைத் தாங்கியவர் பெரிலே. வீடு, விருந்தினர், குழந்தைகள் அனைத்தையும் அமைதியாக நடத்திய அவருடைய உழைப்பு எந்தத் தொகுப்பிலும் கவிதையாக எண்ணப்படவில்லை. பிராங்கோவின் ஆட்சியில் கத்தலான் மொழி பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தீவில் அமைதியாக வாழ விரும்பிய கிரேவ்ஸ் அரசியலில் தலையிடாது ஒதுங்கினார். வீட்டில் ஆங்கிலமும் ஊரில் தீவு வழக்கும் பள்ளியில் ஸ்பானியமுமாக வளர்ந்த மகள் லூசியா பின்னாளில் சிறந்த மொழிபெயர்ப்பாளரானார். மொழிகளுக்கிடையே வளர்ந்த அந்த அனுபவத்தைத் தம் நூலிலும் எழுதினார்.

1961 முதல் 1966 வரை ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தார். சொற்பொழிவுக்குச் சென்று தீவுக்கே திரும்பினார். 1962இல் நோபெல் பரிசுக்கு ஆராயப்பட்டோருள் அவரும் ஒருவர் என்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்ட ஆவணங்களால் தெரியவந்தது; அவ்வாண்டு பரிசு ஸ்டைன்பெக்கிற்குச் சென்றது. 1967இல் உமர் கய்யாமின் பாடல்களைப் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டார். அதற்கு அடிப்படை எனச் சொல்லப்பட்ட பழஞ்சுவடியை யாரும் காட்டவில்லை. அறிஞர்கள் அதைப் பொய் என நிறுவினர். நண்பரின் சொல்லை நம்பி நின்ற முதிய கவிஞரின் பெயருக்கு அது பெரும் இழுக்காயிற்று. 1968இல் அரசியாரின் கவிதைப் பொற்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு தேயா ஊர் அவரைத் தன் வளர்ப்பு மகனாக அறிவித்தது. பதக்கங்களைப் பெரிதாக மதியாதவர் இந்த இரண்டாம் பெருமையை மனமுவந்து ஏற்றார்.

மௌனம்

1970களின் நடுவே நினைவு தேயத் தொடங்கியது. 1975இல் தொகுத்த கவிதைகள் வெளிவந்த பின் எழுத்து நின்றது. சொற்களையே உணவாகக் கொண்டு வாழ்ந்தவர் தம் இறுதிப் பத்தாண்டுகளைப் பெரும்பாலும் பேச்சின்றிக் கழித்தார். மக்கள் முதுமையில் தேடும் ஓய்வு அவருக்கு வந்தது. அது அவர் கேட்ட ஓய்வன்று. ஒலிவ மரங்களும் கடலும் அங்கேயே இருந்தன. அவற்றுக்குப் பெயர் சொல்லும் நாவு அடங்கியிருந்தது.

1985 நவம்பர் 11 அன்று, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கவிஞர் மூலையில், முதல் உலகப் போர்க்காலக் கவிஞர் பதினாறு பேரின் பெயர்கள் பொறித்த கற்பலகை திறக்கப்பட்டது. அப்பதினாறு பேரில் உயிரோடு இருந்தவர் கிரேவ்ஸ் ஒருவரே. தம் போர்க்கவிதைகளைப் பிற்காலத் தொகுப்புகளிலிருந்து அவர் நீக்கியிருந்தார். விடை கொடுத்துவிட்டதாக எண்ணிய நாடும் போரும் அவருக்கு விடை கொடுக்கவில்லை. முதல் முறை இறந்தோர் பட்டியலில் பெயர் வந்தபோது அதை மறுக்க அவருக்கு வாய் இருந்தது. இம்முறை அதை அறியும் நிலையிலும் அவர் இல்லை.

அடுத்த மாதம், டிசம்பர் 7 அன்று, தேயாவில் தம் வீட்டில், தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். மறுநாள் ஊர் உச்சியிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். கல்லறையின் மேல் பளிங்கு இல்லை. ஈரச் சாந்தில் கையால் கீறிய எழுத்துகள்: பெயர், ஆண்டுகள், இடையே கவிஞர் என்னும் ஒரு சொல். 2003இல் பெரிலும் அதே தோட்டத்தில் அடக்கமானார். 2006 முதல் வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2011இல் அம்மலைத்தொடரின் கல்லடுக்குக் கழனிகள் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. மலிவு கருதிக் கவிஞர்கள் வந்த சிற்றூர், பின்னாளில் செல்வர் மட்டுமே வீடு வாங்கக்கூடிய ஊராக மாறியது.

கவிஞனுக்கு வேண்டுவது வெயிலும் கடலும் அல்ல. எழுதுவதற்கு நாள்தோறும் ஒரு காலைப்பொழுது. கிரேவ்ஸ் அதைத் தேடிக் கடல் கடந்தார். உரைநடையால் அதன் வாடகையைச் செலுத்தினார். அவர் செலுத்தாத பங்கைக் குழந்தைகளும் பெரிலும் செலுத்தினர். பத்தாண்டுகள் பூட்டிய வீட்டைக் காத்த ஊரார் வாடகையே கேட்கவில்லை. அவருடைய கவிதைகளைப் படிக்கும்போது இவர்கள் அனைவரையும் சேர்த்து நினைப்பதே அவருக்குச் செய்யும் நேரிய மரியாதையாகும்.